பன்னிரண்டு றேடியோவும் ஆறு நாணயமும்: வாசகர் கேள்வி – பதில்

இருபதாம் நூற்றாண்டின் இலத்திரனியல் இசையையும், சில முடிவுகளை நாணயத்துக்கோ பகடைக்கோ விட்டுவிடுகிற தற்செயல் இசையையும் பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று போட்டிருந்தோம். வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "இதை நாங்களும் செய்து பார்க்கலாமா?" என்றே கேட்டிருந்தன. அதனால் இம்முறை வரலாற்றைச் சுருக்கிச் செய்முறையை விரித்திருக்கிறோம்.

ஒரு பியானோக்காரர் மேடைக்கு வந்து நாலரை நிமிடம் ஒன்றும் வாசிக்காமல் எழும்பிப் போனாராம். அதையும் இசை என்று படிப்பிக்கிறார்களாம். ஆட்களை ஏய்க்கிற வேலைதானே இது? – ஆசிரியர், மல்லாவி

இல்லை ஐயா. நேரம் கணித்து, தாளில் எழுதி, ஒழுங்காக நிகழ்த்திய வேலை அது. எழுதியவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜ். 1952 ஓகஸ்ட் 29 அன்று நியூயோர்க் மாநிலத்தில் வூட்ஸ்டொக்குக்கு அருகிலுள்ள மேவரிக் மண்டபத்தில் டேவிட் டூடர் என்ற பியானோக்காரர் அதை நிகழ்த்தினார். மூன்று பகுதிகள்: 33 விநாடி, 2 நிமிடம் 40 விநாடி, 1 நிமிடம் 20 விநாடி. கூட்டிப் பாருங்கள், 4 நிமிடம் 33 விநாடி வரும். ஒவ்வொரு பகுதியும் தொடங்கும்போது டூடர் பியானோவின் மூடியை மூடினார், முடிந்ததும் திறந்தார். முன்னால் தாள் இருந்தது, கையில் கடிகாரம் இருந்தது. தாளில் சுரம் இல்லை, நேரம் மட்டும் இருந்தது. முதற்பகுதியில் வெளியே காற்றும், இரண்டாவதில் கூரையில் மழைத்துளியும், மூன்றாவதில் ஆட்கள் முணுமுணுத்து எழும்பிப் போன சத்தமும் கேட்டதாகக் கேஜ் பின்னர் சொன்னார்.

அதற்குச் சற்று முன்னர் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் எதிரொலியே இல்லாத அறை ஒன்றுக்குள் அவர் போயிருந்தார். அங்கே இரண்டு சத்தங்கள் கேட்டன. தாழ்ந்தது இரத்த ஓட்டம், உயர்ந்தது நரம்பு மண்டலம் என்று பொறியியலாளர் விளக்கியதாக எழுதியிருக்கிறார். நரம்பு அப்படி ஒலிக்காது. உயர்ந்த சத்தம் காதுக்குள்ளேயே எழுகிற மெல்லிய இரைச்சலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் உயிரோடு இருக்கிறவருக்கு முழு அமைதி கிடைக்காது என்று அவர் கண்டது சரிதான்.

வகுப்பில் செய்யலாம். மூன்று நேரங்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு பிள்ளை கடிகாரம் பார்க்கட்டும். மற்றவர்கள் கேட்ட சத்தங்களைப் பகுதி வாரியாகக் கொப்பியில் எழுதட்டும். "சத்தம் போடாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அடக்கிய சிரிப்பிலேயே முழு நேரமும் போய்விடும். "எத்தனை சத்தம் கேட்கிறது என்று எண்ணுங்கள்" என்று சொன்னால் காது வெளியே போகும். காலை 7.30க்கு ஒரு தடவையும் நண்பகலில் ஒரு தடவையும் வைத்து இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். காலையில் மயிலும் தண்ணீர் இறைக்கிற மெஷினும் இருக்கும். நண்பகலில் முகில் ஒன்று சூரியனை மறைத்தால் தகரக்கூரை சூடு ஆறிச் சுருங்கி "டக், டக்" என்று ஆணிக்கு ஆணி தட்டும். அந்தச் சத்தத்துக்குக் கீழேதான் பிள்ளைகள் வருடம் முழுதும் இருக்கிறார்கள், ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் மனோதர்மமும் முன்கூட்டித் தீர்மானிக்காததுதானே? கல்பனாஸ்வரம் பாடுகிறவர் செய்வதும் தற்செயல் இசைதான் என்று மாணவிகளுக்குச் சொல்லலாமா? – சங்கீத ஆசிரியை, வவுனியா

சொல்லாதீர்கள், அம்மா. இரண்டும் எதிரெதிர்த் திசைகள். கல்பனாஸ்வரத்தில் ஒவ்வொரு நொடியும் தெரிவு செய்வது பாடகியின் ரசனையும் பயிற்சியும். கேஜ் வெளியே தள்ள நினைத்தது அந்த ரசனையைத்தான். மனத்துக்குத் தோன்றியதை வாசித்தால் பழகிய பாதையிலேயே விரல் போகும் என்பதால் அவர் மனோதர்ம வாசிப்பை நம்பவில்லை.

தற்செயலை எந்த இடத்தில் நுழைக்கிறோம் என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். கேஜ் 1951இல் எழுதிய 'மாற்றங்களின் இசை' பியானோவுக்கானது. சீனாவின் பழைய 'இ சிங்' நூலின் முறைப்படி மூன்று நாணயங்களை ஆறு தடவை சுண்டி, 1 முதல் 64 வரை ஓர் எண்ணைப் பெற்று, 64 கட்டமுள்ள அட்டவணையில் அந்தக் கட்டத்தில் இருந்ததை எடுத்தார். ஒலி, நீளம், சத்த அளவு எல்லாம் இப்படியே தீர்ந்தன. ஒலி அட்டவணையில் இரட்டைப்படை எண்கள் 32உம் மௌனம். ஆனால் எழுதி முடித்த பிறகு வாசிப்பவருக்கு ஒரு சுதந்திரமும் இல்லை, தாளில் உள்ளபடிதான் வாசிக்க வேண்டும். தற்செயல் எழுதும் இடத்தோடு நின்றுவிட்டது.

ஜேர்மன் இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டொக்ஹவுசனின் 1956ஆம் ஆண்டுப் 'பியானோத் துண்டு 11' இதற்கு மறுபுறம். பெரிய தாள் ஒன்றில் 19 துண்டுகள். கண் எதில் விழுகிறதோ அதை வாசிக்க வேண்டும். அடுத்ததை எவ்வளவு வேகமாக, எவ்வளவு சத்தமாக, எப்படித் தொட்டு வாசிப்பது என்பது முந்திய துண்டின் முடிவில் எழுதியிருக்கும். ஏதாவது ஒரு துண்டு மூன்றாம் தடவை வந்தால் அதோடு நிகழ்ச்சி முடிவு. இங்கே துண்டுகள் உறுதியானவை, வரிசைதான் தற்செயல். இரண்டுக்கும் முந்தியது மொஸார்ட் பெயரில் 1790களில் அச்சான பகடை ஆட்டம்: 16 சந்தத்துக்கு, அதாவது 16 தாளக் கட்டத்துக்கு, 16 தடவை இரண்டு பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்குரிய சந்தத்தை அடுக்கினால் ஒரு நடனப்பாட்டு. அது விளையாட்டாகவே இருந்தது. எந்தச் சந்தம் விழுந்தாலும் காதுக்கு இதமாகும்படி முன்கூட்டியே ஒழுங்கு செய்திருந்தார்கள்.

கலைவிழாவுக்கு மாணவர்களை வைத்து றேடியோ இசை செய்ய ஆசை. இசைக்குறிப்பு எழுதிய தாள் ஒன்றும் கையில் இல்லை. எப்படித் தொடங்குவது? – முல்லைத்தீவு

முன்மாதிரி, கேஜின் 'கற்பனை நிலக்காட்சி இல. 4', 1951. 12 றேடியோ, 24 பேர். ஒவ்வொரு றேடியோவிலும் ஒருவர் நிலையத்தைத் திருப்புவார், மற்றவர் சத்தத்தையும் தொனியையும் பார்ப்பார். எந்த மீடிறனில் (அதிர்வெண்ணில்) முள் நிற்க வேண்டும், எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் எழுதியிருக்கும். அந்த நேரத்தில் நிலையத்தில் என்ன போகும் என்பது மட்டும் எவர் கையிலும் இல்லை. நியூயோர்க்கில் முதல் தடவை நடத்தியபோது நிகழ்ச்சி நள்ளிரவை அண்டிவிட்டது. பல நிலையங்கள் மூடியிருந்தன, பெரும்பாலும் இரைச்சலும் இடைவெளியும்தான் கேட்டன.

அவருடைய இசைத்தாளுக்குப் பதிப்புரிமை உண்டு. நீங்கள் உங்களுடையதை எழுதுங்கள். வேண்டியவை: முள்ளைத் திருகுகிற பழைய மாதிரி றேடியோ 6, மாணவர் 12 பேர், ஐந்து ரூபாய் நாணயம் 6, கொப்பித்தாள், எல்லோருக்கும் தெரிகிற கடிகாரம் ஒன்று.

ஆறு நாணயத்தையும் சுண்டி, விழுந்த வரிசையிலேயே இடமிருந்து வலமாக வையுங்கள். இடங்களின் மதிப்பு 32, 16, 8, 4, 2, 1. தலை விழுந்த இடங்களின் மதிப்பை மட்டும் கூட்டி, அதோடு 1 சேருங்கள். 1 முதல் 64 வரை ஓர் எண் வரும். அறுபத்து நான்கும் சம வாய்ப்புள்ளவை. ஒரு நிகழ்வுக்கு மூன்று தடவை சுண்ட வேண்டும். முதற் சுண்டல் முள்ளுக்கு: ஒற்றைப்படை என்றால் சத்தம், இரட்டைப்படை என்றால் மௌனம். ஒற்றைப்படைகள் 32 என்பதால் டயலை 32 பிரிவாக்கிக் கடதாசித் துண்டு ஒட்டுங்கள். டயல் 8 செ.மீ. என்றால் பிரிவு ஒன்று 2.5 மி.மீ. இரண்டாம் சுண்டல் சத்த அளவுக்கு: 1–8 வந்தால் முதலாம் படி, 9–16 வந்தால் இரண்டாம் படி, இப்படியே எட்டுப் படி. மூன்றாவது நீளத்துக்கு: அதே எட்டுப் பிரிவுக்கு 2, 4, 6, 8, 12, 16, 20, 30 விநாடி. சராசரி 12 விநாடி சொச்சம், ஆகவே நான்கு நிமிட நிகழ்ச்சிக்கு ஒரு றேடியோவுக்கு இருபது நிகழ்வு போதும். மொத்தம் 360 தடவை சுண்ட வேண்டும். மூன்று குழுவாகப் பிரிந்தால் ஒரு பின்னேரத்தில் முடியும்.

நாணயத்துக்குப் பதில் சோகி போடலாமா என்று கேட்பீர்கள். சோகியை எண்ணினால் கணக்கு மாறும். ஆறு சோகியில் மூன்று மட்டும் மல்லாந்து விழ 64க்கு 20 வழி, ஆறும் மல்லாந்து விழ ஒரே வழி. ஆகவே நடு எண்களே திரும்பத் திரும்ப வரும். போதாததற்குச் சோகி நாணயம் மாதிரி இரு பக்கமும் சமனாக விழாது. நடு எண்கள் குவிய வேண்டும் என்று நீங்களே விரும்பினால் தாராளமாகச் சோகி போடுங்கள், ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

பிழைக்கிற இடங்கள். இலக்கத்தில் நிலையம் காட்டுகிற புதிய றேடியோக்கள் நிலையத்துக்கு நிலையம் தாவி, இடையில் வாயை மூடிக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியதே அந்த இடை இரைச்சல், அதனால் முள் றேடியோதான் சரி. மத்திய அலையில் வைத்தால் பக்கத்திலுள்ள எல்.ஈ.டி. குமிழும் போன் சார்ஜரும் உறுமும், அவற்றைக் கழற்றுங்கள். இரவில் தூரத்து நிலையங்கள் மத்திய அலையில் ஏறி வரும். பகலில் அந்த அலைகளை விழுங்குகிற கீழ் அயனப் படை சூரியன் மறைந்ததும் கரைந்துவிடுவதே காரணம். பத்து மணி ஒத்திகையும் மாலை ஏழு மணி நிகழ்ச்சியும் ஒரே மாதிரி இருக்காது. மிகப் பெரிய பிழை வேறொன்று. "இந்த இடத்தில் மௌனம் நீண்டுபோச்சு, இன்னொருக்காச் சுண்டுவம்" என்று தொடங்குவது. தொடங்கினால் அது உங்கள் ரசனை எழுதிய பாட்டாகிவிடும், சுண்டியது வீண். மௌனம் அதிகமாக வருகிறது என்றால் விடையைத் தள்ளாதீர்கள், கேள்வியைத் திருத்துங்கள்: 64இல் 32க்குப் பதிலாக 16 எண்ணை மௌனத்துக்கு ஒதுக்கி, முதலிலிருந்து சுண்டுங்கள். கேஜின் உழைப்பு முழுக்க அட்டவணையை அமைப்பதில்தான் போனது.

பற்றறிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவில் பாட்டுக் கேட்டோம். மிதிக்கிறவர் களைத்தால் பாட்டு இழுபடும். அதற்கும் இந்த இசைக்கும் தொடர்பு உண்டா? – புதுக்குடியிருப்பு

நேரடித் தொடர்பு உண்டு. இழுபட்டது றேடியோ இல்லை, கசெற்றாக இருந்திருக்கும். மின்னழுத்தம் குறைந்தால் றேடியோவின் சத்தம் கரகரத்து மங்கும், சுருதி இறங்காது. கசெற்றில் மோட்டர் மெதுவாகும், நாடா மெதுவாக ஓடும், சுருதியும் சேர்ந்து இறங்கும். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட், ஆடலோட்டம். டயோட்டு வைத்து நேராக்கி, பெரிய கொள்ளளவி ஒன்று போட்டுத்தான் கொடுப்பார்கள். மோட்டருக்குள் வேகத்தைப் பிடித்து வைக்கிற சீராக்கி இருப்பதால் மிதி கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் தெரியாது. அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் சீராக்கி கைவிட்டுவிடும், பாட்டு அப்படியே சரியும்.

வேகம் 5.6 வீதம் குறைந்தால் ஓர் அரைச்சுரம் இறங்கும். பாதி வேகத்தில் மேல் ஷட்ஜம் கீழ் ஷட்ஜமாகும், பாட்டு இரண்டு மடங்கு நீளும். பதிந்த சத்தங்களைக் கொண்டு இசை செய்த பியர் ஷேஃபரின் குழு பாரிஸில் 1950களின் தொடக்கத்தில் செய்த 'பொனோஜென்' என்ற கருவி இதே தத்துவம்தான். வெவ்வேறு விட்டமுள்ள 12 உருளைகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டை. கட்டையை அழுத்தினால் நாடா அந்த உருளையின் வேகத்தில் ஓடும். ஒரு கதவுச் சத்தத்தைப் பன்னிரண்டு சுரத்தில் வாசிக்கலாம். சுருதி ஏறினால் சத்தம் குறுகும், இறங்கினால் நீளும், இரண்டையும் பிரிக்க அதில் வழி இல்லை. இன்றைக்குப் போனிலேயே பிரித்துவிடலாம்.

வீட்டில் பழைய கசெற் பெட்டியும் வெற்றுக் கசெற்றுகளும் இருக்கின்றன. முடிவில்லாமல் சுற்றுகிற 'லூப்' செய்ய முடியுமா? – ஒட்டுசுட்டான்

முடியும். தொடங்க முன் ஒன்றைக் கேளுங்கள். அந்தப் பெட்டிக்குள் வீட்டாரின் குரல் பதிந்த கசெற் ஒன்றாவது இருக்கக்கூடும், மறைந்தவர்களின் குரலாகவும் இருக்கக்கூடும். எல்லாவற்றையும் முழுதாகப் போட்டுக் கேட்டு, வேண்டியதைப் போனுக்கோ கணினிக்கோ மாற்றிய பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுங்கள். மேலே எழுதியிருக்கிற பெயரை நம்பாதீர்கள்.

ஐந்து திருகாணி போட்ட கசெற்றாகத் தேடுங்கள், ஒட்டி மூடியதைத் திறந்தால் உடையும். திறந்து நாடாவை எடுத்துவிட்டு, இரண்டு சக்கரத்தையும் அதனதன் இடத்தில் வையுங்கள். மெல்லிய நூல் ஒன்றை நாடா போகிற பாதையிலேயே சுற்றுங்கள்: இடது மூலை உருளை, பஞ்சு வைத்த அழுத்தத் தகடு, வலது மூலை உருளை, பிறகு சக்கரங்களை வளைத்து மீண்டும் தொடக்கத்துக்கு. நூல் இறுகவும் கூடாது, தொங்கவும் கூடாது. நூலை அளந்து அதே நீளத்துக்கு நாடாவை வெட்டுங்கள். கசெற் விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடும், ஆகவே 24 செ.மீ. நாடா கிட்டத்தட்ட 5 விநாடி. இரண்டு முனையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து 45 பாகைச் சரிவில் ஒரே வெட்டாக வெட்டினால் பொருத்து நேராக வரும், தாண்டும்போது "டிக்" என்ற சத்தமும் குறையும். ஒட்டுகிற துண்டு வளையத்தின் உட்பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் கசெற்றில் காந்தப்பூச்சு வெளிப்பக்கம், பெட்டியின் வாசிக்கிற தலை தொடுவது அதைத்தான். சாதாரண செலோரேப் போட்டால் இந்த வெக்கைக்கு இரண்டு நாளில் பசை கசிந்து தலையில் அப்பும். பரிசோதனைக்குச் சரி, வைத்துக்கொள்ள ஆகாது. வளையம் இறுகினால் சுருதி நடுங்கும். தளர்ந்தால் இறப்பர் உருளை நாடாவை விழுங்கும்.

இரண்டு லூப் செய்தால் இன்னும் நல்லது. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1965இல் ஒரே பேச்சுத் துண்டை இரண்டு நாடா வளையத்தில் ஓடவிட்டு, வேகத்தின் சிறு வேறுபாட்டால் அவை மெல்ல மெல்ல விலகுவதையே இசையாக்கினார். ஒரு வளையம் 5.00 விநாடி, மற்றது 5.05 என்றால், ஒன்றாகத் தொடங்கிய இரண்டும் விலகி விலகி 8 நிமிடம் 25 விநாடியில் மறுபடி ஒன்றுசேரும். நடுவில் ஒரு சொல் இரண்டாகி, எதிரொலியாகி, தாளமாகும். மூன்றாம் நிமிடத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்டொக்ஹவுசன் '5இன் 25ஆம் மூலம்' என்ற எண்ணை வைத்து இசை எழுதினார் என்று போட்டிருந்தீர்கள். ஏன் அந்த எண்? – உயர்தர மாணவி, கிளிநொச்சி

நல்ல கேள்வி, பிள்ளை. எந்த எண்ணை 25 தடவை எடுத்துப் பெருக்கினால் 5 வருமோ, அதுதான் 5இன் 25ஆம் மூலம். கல்குலேற்றரில் போட்டுப் பாருங்கள், 1.0665 வரும். 1954இல் ஜேர்மனியின் கொலோன் நகர வானொலிக் கலையகத்தில் அவர் செய்த 'கற்கை 2'இல் மீடிறன்கள் 100 ஹேர்ட்ஸில் தொடங்கி ஒவ்வொரு படியிலும் இந்த எண்ணால் பெருகும்: 100, 106.65, 113.7, 121.3 என்று 81 படி, உச்சி ஏறத்தாழ 17,200. பியானோவின் அரைச்சுரம் 1.0595, அதைவிட இது சற்றுப் பெரிது. 10 படி ஏறினால் 190.4, 11 படி ஏறினால் 203. இரட்டிப்பான 200 எந்தப் படியிலும் வராது, அதாவது மேல் ஷட்ஜமே இல்லாத சுரவரிசை. பழகிய இசையின் நிழல் விழக்கூடாது என்பதுதான் நோக்கம்.

ஒரு கலவைக்கு ஐந்து சைன் அலை, அதாவது ஒரே மீடிறன் மட்டுமுள்ள தூய ஒலி. அவற்றைச் சிறு நாடாத் துண்டுகளாக அடுத்தடுத்து ஒட்டி, எதிரொலி அறைக்குள் ஒலிக்கவிட்டு, அந்த எதிரொலியைப் பதிந்தார்கள். ஐந்தும் எதிரொலியில் கலந்து ஒன்றாகிவிடும். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் செய்யலாம்: 100, 121.3, 147.1, 178.5, 216.5 ஹேர்ட்ஸில் ஒவ்வொன்றும் 0.1 விநாடி சைன் அலை உண்டாக்கி வரிசையாக ஒட்டுங்கள். பின்னால் 3 விநாடி வெறுமை சேர்த்து, முழுவதுக்கும் எதிரொலி கொடுத்து, முதல் 0.5 விநாடியை வெட்டி எறியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் சுரம். வெறுமை சேர்க்க மறந்தால் எதிரொலிக்கு இடமில்லாமல் சத்தம் அறுந்துவிடும். போன் ஒலிபெருக்கியில் 100 ஹேர்ட்ஸ் கேட்காது, காதுக்குழாய் போடுங்கள்.

போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். மலிவாக ஒரு சத்தக் கருவி செய்யச் சுற்று ஒன்று தாருங்கள். வெளிச்சத்துக்கு ஏற்பச் சுருதி மாற வேண்டும். – மாங்குளம்

1972இல் வந்த, நேரம் கணிக்கிற 555 ஐ.சி. போதும் தம்பி. 4 பென்ரோச் பற்றறி, 6 வோல்ட். 8ஆம், 4ஆம் கால்கள் நேர்முனைக்கு, 1 மறைமுனைக்கு. 8க்கும் 7க்கும் நடுவே 1 கிலோ ஓம். 7க்கும் 6க்கும் நடுவே ஒளியுணர் தடையி, வெளிச்சம் கூடினால் அதன் தடை குறையும். 6ஐயும் 2ஐயும் சேர்த்து, அங்கிருந்து மறைமுனைக்கு 0.047 மைக்ரோ பரட். 5இலிருந்து மறைமுனைக்கு 0.01 மைக்ரோ பரட். 3இலிருந்து 100 ஓம், அடுத்து 47 மைக்ரோ பரட், அடுத்து 8 ஓம் ஸ்பீக்கர், பிறகு மறைமுனை. பற்றறிக்குக் குறுக்கே 100 மைக்ரோ பரட் கட்டாயம், இல்லாவிட்டால் 555 உதைக்கிற உதைக்குச் சத்தம் கிழியும். 4ஆம் காலை அந்தரத்தில் விட்டால் கை கிட்டப் போகும்போது நின்று நின்று ஒலிக்கும். அந்த 1 கிலோ ஓமை எடுத்துவிட்டு நேரே தொடுத்தால் 7ஆம் கால் எரிந்துபோகும்.

இப்படியே செய்து மாலையில் சோதித்தால் அருமையாகப் பாடும். அடுத்த நாள் பகல் வாசலில் கொண்டுபோய் வைத்தால் ஒன்றும் கேட்காது, ஐ.சி. போய்விட்டது என்று கழற்றத் தோன்றும். கழற்றாதீர்கள். வன்னி வெயிலில் ஒளியுணர் தடையி 200 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். சூத்திரத்தில் போடுங்கள்: 1.44ஐ (முதல் தடை + இரண்டாம் தடையின் இருமடங்கு) × கொள்ளளவு என்பதால் வகுத்தால் ஏறத்தாழ 21,900 ஹேர்ட்ஸ். அது பாடிக்கொண்டுதான் இருக்கிறது, மனிதக் காதுக்கு மேலே. ஒளியுணர் தடையியோடு தொடராக 10 கிலோ ஓம் ஒன்றைச் சேருங்கள். உச்சி 1,430 ஹேர்ட்ஸில் நின்றுவிடும். நிழலில் தடை 100 கிலோ ஓமுக்கு ஏறினால் சுருதி 140 ஹேர்ட்ஸ் வரை இறங்கும். இப்போது கையை மேலே அசைத்தால் மூன்று ஸ்தாயிக்கும் கூடுதலாக வாசிக்கலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதையாகவே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எவரும் இல்லையா? – நெடுங்கேணி

இருந்தார்கள். கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய். 1946இல் நியூயோர்க்கில் அவர் இந்திய இசையைப் படிப்பிக்க, பதிலுக்குக் கேஜ் மேற்கத்திய இசையைப் படிப்பித்தார். இசை எதற்கு என்று கேட்டபோது, மனத்தை அமைதிப்படுத்தித் தெய்வீகத்துக்குத் திறந்துவிட என்று தம் ஆசிரியர் சொன்னதை அவர் சொல்ல, கேஜ் வாழ்நாள் முழுதும் அதை எடுத்துச் சொன்னார். 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்சுற்றால் சத்தம் உண்டாக்குகிற மூக் சின்தசைசரோடு ஓர் இலத்திரனியல் இசைக்கூடமே அமைந்தது. அமைக்க வந்தவர், 4 நிமிடம் 33 விநாடி பியானோ மூடியை மூடித் திறந்த அதே டேவிட் டூடர். கீதாவும் அங்கே ஒலிநாடாவில் இசை செய்தார்.

ஷேஃபர் றெயில் சத்தத்தில் இசை செய்தது போல யாழ்தேவியைப் பதிந்து செய்யலாமா? போனில் பதிந்தேன், வடிவாக வரவில்லை. – பரந்தன்

ஷேஃபர் 1948இல் பாரிஸின் பத்திஞ்யோல் நிலையத்தில் பதிந்தார், அதுவும் இசைத்தட்டில். நாடா அவர் கைக்குப் பிறகுதான் வந்தது. வட்டத்தட்டில் ஒரு கீறலை அதன் வாலோடு மூடிவிட்டால் ஊசி அதிலேயே சுற்றும். அதுவே அவருடைய லூப்.

உங்கள் பதிவு சப்பையாக வந்ததற்குக் காரணம் போனின் தானியங்கிச் சத்தச் சீராக்கல். தூரத்தில் றெயில் மெல்லக் கேட்கும்போது போன் சத்தத்தைக் கூட்டும், கிட்ட வரும்போது குறைக்கும். வருகிற றெயிலின் வளர்ச்சியே காணாமல் போய்விடும். சீராக்கலையும் இரைச்சல் நீக்கலையும் நிறுத்தக்கூடிய பதிவுச் செயலி ஒன்றைப் போட்டு, உரத்த இடம் உச்சியைத் தொடாதபடி அளவைக் குறையுங்கள். ஒலிவாங்கித் துளைக்கு மேல் மெல்லிய பஞ்சுத் துண்டு கட்டினால் காற்று இரையாது. பாதையோரம் நிற்காமல் நிலைய மேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கிய இடங்களில் "தடக் தடக்" குறைவு. நிலையத்துக்குள் பாதை பிரிகிற இடத்தில் சில்லுகள் தாண்டும்போதுதான் அது தெளிவாக வரும், ஒலிவாங்கியை அந்தப் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். றெயில் போய் ஒரு நிமிடம் கழித்தே பதிவை நிறுத்துங்கள். கடைசிப் பெட்டி மறைந்த பிறகும் தண்டவாளம் சிறிது நேரம் சிணுங்கும், லூப்புக்கு நல்ல துண்டு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.